யார் சொன்னது? பேரிடர்க் காலத்தில் ஆப்த வாக்கியம்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. காலையில் மும்பைக்கு வேலைக்குச் சென்றவர்கள் மாலையில் டோம்பிவிலி ரயில் நிலையத்தில் வந்து இறங்கவில்லை. பிற்பகலில் கொட்டத் தொடங்கிய மழையில் புறநகர் ரயில்கள் ஆங்காங்கே நின்றுவிட்டன. கைப்பேசிகள் பேச மறுத்தன. பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. உல்லாஸ் நதி கரை கடந்து பத்லாபூரிலும் கல்யாணிலும் புகுந்தது. தண்டவாளத்தின் மேலும் நெடுஞ்சாலையிலும் முழங்கால் நீரில் நடந்து மறுநாள் வீடு வந்து சேர்ந்தவர்கள் பலர். வந்து சேராதவர்களுக்காக விளக்கில்லாத வீடுகளில் காத்திருந்தவர்களிடம் அன்றிரவு இருந்தது ஒரே கேள்விதான்: வெளியே என்ன நடக்கிறது?

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல யாரும் இல்லாத இடத்தில்தான் வதந்தி பிறக்கிறது.

மழை பெய்து இரண்டு நாட்களுக்குப் பின், ஜூலை 28 இரவு, மும்பையின் மேற்குப் பகுதியில் ஜூஹுவை ஒட்டிய நேரு நகர் குடிசைப் பகுதியில் ஒரு கூக்குரல் எழுந்தது. அணை உடைந்துவிட்டது என்றார்கள் சிலர். சுனாமி வருகிறது என்றார்கள் வேறு சிலர். இருவர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாத சந்துகளில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஓடினார்கள். நெரிசலில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. எந்த அணையும் உடையவில்லை. கடலும் எழவில்லை. வெள்ளத்திலிருந்து தப்பியவர்களை ஒரு சொல் கொன்றது.

ஓடியவர்களை அறிவிலிகள் என்று சொல்வது எளிது. அது நியாயமும் ஆகாது. சுனாமி தமிழகக் கரையைத் தாக்கி அப்போது ஏழு மாதங்களே ஆகியிருந்தன. மும்பை நகரின் எல்லைக்குள்ளேயே விஹார், துளசி, பவாய் என்று ஏரிகள் இருக்கின்றன. அந்த மழையில் அவை நிரம்பி வழிந்ததும் உண்மை. முழுப் பொய்யை மனிதர்கள் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. நேற்று கண்ட ஓர் உண்மையின் மீது ஏறி வரும் பொய்யைத்தான் நம்புகிறார்கள். கயிறு கிடந்ததால்தான் பாம்பு தோன்றியது என்பதை வேதாந்தம் பயில்வோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மரத்தில் வாழும் தெய்வம்

நம் தர்சனங்கள் அறிவின் வாயில்களை ஆராய்ந்தபோது, ‘ஐதிஹ்யம்’ என்ற ஒன்றையும் எடுத்துப் பேசின. ‘இவ்வாறு சொன்னார்கள்’ என்பது மட்டுமே அதன் உருவம். யார் சொன்னார், எப்போது சொன்னார், எதைக் கண்டு சொன்னார் என்பது அதில் இராது. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளை மணிமேகலை கேட்கும் பகுதியில் அளவைவாதி ஒருவன் பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். அவற்றுள் ‘ஐதிகம்’ ஒன்று. அதற்கு அவன் காட்டும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் ஒரு தெய்வம் உண்டு என்று ஊரார் சொல்வதைக் கொண்டு தெளிவது. வடமொழி நூல்களிலும் ஆலமரத்து யக்ஷன் என்று ஏறக்குறைய இதே எடுத்துக்காட்டுதான் வரும்.

நியாய தர்சனம் ஐதிஹ்யத்தைத் தனிப் பிரமாணமாக ஏற்கவில்லை. அதன் வாதம் நுட்பமானது. வழிவழியாக வந்த அந்தச் சொல்லின் மூலத்தில் நம்பத்தகுந்த ஒருவர் இருந்தால் அது ‘சப்தம்’ என்ற பிரமாணத்திலேயே அடங்கிவிடும். அப்படி ஒருவர் இல்லையென்றால், எத்தனை வாய்களைக் கடந்து வந்தாலும் அது பிரமாணம் ஆகாது. சொல்பவர்களின் எண்ணிக்கை இங்கே கணக்கில் வருவதே இல்லை. நேரு நகரில் அன்று ஆயிரம் பேர் ‘அணை உடைந்தது’ என்று சொல்லியிருக்கலாம். அணையைப் பார்த்தவர் ஒருவரும் அவர்களில் இல்லை.

ஐதிகம் என்றாலே பொய் என்றும் கொள்ளக் கூடாது. இந்தோனேசியாவில் சுமத்ராவுக்கு மேற்கே சிமிலுவே என்றொரு தீவு இருக்கிறது. 1907-ஆம் ஆண்டில் அங்கே நிலம் நடுங்கி, கடல் பின்வாங்கி, பிறகு பேரலையாக எழுந்து பலரைக் கொண்டுபோயிற்று. தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, நிலம் பலமாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று பூகம்பம் தோன்றிய இடத்திற்கு மிக அருகில் இருந்த தீவுகளில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் ஏழு பேரே. தாலாட்டை முதலில் பாடியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் அலையைக் கண்ணால் கண்டவர்; சொல்லும் தலைமுறைதோறும் சிதையாமல் வந்தது.

ஆப்தர் யார்?

கௌதமரின் நியாய சூத்திரம், சப்தம் என்பது ஆப்தரின் உபதேசம் என்று சுருக்கமாக வரையறுக்கிறது. ஆப்தர் என்பதற்கு உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் கூறும் இலக்கணங்கள் மூன்று. அவர் பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும். உயிர்களிடம் கருணை உடையவராக இருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் அவருக்கு வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். பிறப்போ பட்டமோ பதவியோ இங்கே அளவுகோல் அல்ல. கடலின் குணத்தை நாற்பது ஆண்டுகள் படகில் இருந்து கற்ற நாகப்பட்டினத்து மீனவரும் தம் துறையில் ஆப்தரே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வேதம் ஏன் பிரமாணம் என்ற பெரிய கேள்விக்கு விடை கூறும்போது நியாய சூத்திரம் ஆயுர்வேதத்தை உவமையாக்குகிறது. வைத்திய நூல் சொன்ன மருந்து பலன் தருவதைக் காண்கிறோம். அதனால் அந்நூலைச் சொன்னவரை நம்புகிறோம். அது போலவே இதுவும் என்பது வாதம். மறைபொருளை நம்புவதற்கே, சோதித்தறிந்த மருத்துவரின் சொல்லைப் படியாக வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். ‘நாங்கள் ஆன்மிகவாதிகள், விஞ்ஞானிகள் சொல்வதை ஏற்க மாட்டோம்’ என்று பெருமையாகப் பேசுவோர் இப்பகுதியை ஒருமுறை படிக்கலாம்.

கொலாபாவில் இருந்தவர்

2005 ஜூலை 27 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே 24 மணி நேரத்தில், அதே நகரத்தின் தென்கோடியில் உள்ள கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர் மட்டுமே. அதாவது, ஒருவருடைய வீட்டுக் கூரைக்குமேல் வெள்ளம் ஓடிய நாளில் இன்னொருவர் குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்வந்தார்.

இப்போது ஓர் எண்ணப் பரிசோதனை செய்து பார்க்கலாம். அன்று காலையே வானிலைத் துறை ‘மும்பையில் வரலாறு காணாத மழை பெய்யும்’ என்று எச்சரித்திருந்தால், கொலாபாவில் இருந்தவர் மாலையில் என்ன சொல்லியிருப்பார்? ‘வானிலைக்காரர்கள் சொன்னால் மழையே வராது’ என்று சிரித்திருப்பார். அவர் கண்ட காட்சி பொய்யல்ல, பிரத்தியக்ஷம்தான். அதிலிருந்து அவர் செய்யும் முடிவுதான் பிழை. இன்றும் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டு, பள்ளிகள் மூடப்பட்டு, வெயில் அடித்துவிட்டால் டோம்பிவிலியின் ரயில் பெட்டிகளில் அன்றைய நகைச்சுவை அதுவாகவே இருக்கும். முன்னறிவிப்பு என்பது அனுமானம். அது ஒரு மாவட்டத்திற்குச் சொல்லப்படுவது, ஒரு தெருவுக்கு அல்ல. இத்தனை சாத்தியம் என்று சொல்வது, நடந்தே தீரும் என்று சத்தியம் செய்வதல்ல.

உண்மையில் 2005-இல் வானிலைத் துறை அத்தகைய எச்சரிக்கை எதையும் தரவில்லை. மிகக் கனமழை பெய்யலாம் என்பதற்கு மேல் அளவைக் கணிக்கும் கருவி அன்று அதனிடம் இல்லை. டாப்ளர் ரேடார் மும்பைக்குப் பிறகுதான் வந்தது. நகரின் மழைநீர் வடிகால்களோ மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்காக ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பட்டவை. அன்று சாந்தாகுரூஸில் ஒரு மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 190 மில்லிமீட்டர் கொட்டியது. அதே பிற்பகலில் கடல் ஓதமும் உயர்ந்திருந்தது. வடிகால்களின் கொள்ளளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்று பொறியாளர்கள் 1993-ஆம் ஆண்டிலேயே திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது அலமாரியில் இருந்தது. வெள்ளத்திற்குப் பின் அமைக்கப்பட்ட மாதவராவ் சிதளே குழு 2006-இல் அளித்த அறிக்கையில் இவையெல்லாம் விரிவாக உள்ளன.

நிபுணர்கள் சொல்வதைக் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. 1999 அக்டோபரில் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் அதே கரையைப் பைலின் புயல் நெருங்கியபோது, இந்திய வானிலைத் துறை புயலின் வேகத்தைக் குறைத்துச் சொல்கிறது என்று வெளிநாட்டில் சிலர் குற்றம் சாட்டினார்கள். துறை தன் கணிப்பில் உறுதியாக நின்றது. கணிப்பும் சரியாக அமைந்தது. சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டார்கள். இறந்தோர் எண்ணிக்கை சில பத்துகளில் நின்றது.

நம்பிக்கை உடைந்த இடங்கள்

எனினும், மக்கள் நம்ப மறுப்பதற்கெல்லாம் காரணம் மக்களின் அறியாமைதான் என்று எழுதி முடித்துவிட முடியாது. ஆப்தருக்குரிய மூன்றாவது இலக்கணம், அறிந்ததை அறிந்தபடி சொல்வது, பலமுறை மீறப்பட்டிருக்கிறது.

2004 டிசம்பர் 30. சுனாமி முடிந்து நான்கே நாட்கள். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. மீண்டும் சுனாமி வரக்கூடும் என்று அன்று மத்திய உள்துறையிலிருந்தே எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் ஓடினார்கள். மீட்புப் பணியாளர்களும் ஓடினார்கள். சடலங்களைத் தேடும் பணி நின்றது. அந்த எச்சரிக்கையின் மூலம் ஒரு வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் கணிப்பு என்று பின்னர் தெரியவந்தது. அதற்கு அடிப்படை இல்லை என்று அறிவியல் துறை அமைச்சர் அன்றே மறுத்தார். அரசு முத்திரை பதித்த ஐதிகம் அது. டிசம்பர் 26 காலை, பூகம்பத்திற்கும் அலைக்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தும் எந்த எச்சரிக்கையும் வராத கரைக்கு, வர வேண்டாத நாளில் எச்சரிக்கை வந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்ட பிறகே இந்த நிலை மாறியது.

டோம்பிவிலி மக்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். தொழிற்பேட்டையை மடியில் வைத்திருக்கும் ஊர் அது. 2014 ஜனவரியில் அங்கே பச்சை நிறத்தில் தூறல் விழுந்தது. 2020 பிப்ரவரியில் ஒரு சாலை இளஞ்சிவப்பாக மாறியது. 2016 மே 26 அன்று இரசாயன ஆலை ஒன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். 2024 மே மாதம் மீண்டும் அத்தகையதொரு பெரும் விபத்து. அந்த ஊரில் வாழ்பவர் ‘அச்சப்படத் தேவையில்லை’ என்ற அறிவிப்பைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினால் அதை மூடநம்பிக்கை என்று சொல்லலாமா? அது அனுபவம்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியபோது இரண்டு வகைப் பேச்சுகள் எழுந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்ட விதம் சரியா என்பது ஒன்று. நாசா மாபெரும் மழையை முன்னறிவித்திருக்கிறது, பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிட்டன என்பவை மற்றொன்று. இரண்டாம் வகை முழுப் பொய், உடனே மறுக்கப்பட்டது. முதல் கேள்வியை, நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதன் ஆவணங்களை வைத்து, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்தார். மனிதத் தவறே இப்பேரழிவுக்குக் காரணம் என்று கூறும் அந்த அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வதந்தி பரப்புவோர் ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் செய்வது ஆட்சியாளர்களுக்குப் பேருதவி. நூறு பொய்களின் நடுவே ஒரு நியாயமான கேள்வி நின்றால், அதையும் வதந்தி என்று தள்ளிவிடுவது எவ்வளவு எளிது!

செய்பவன் யார்?

சுனாமிக்குப் பின் உலகின் சில பகுதிகளில், கடலுக்கடியில் நடந்த இரகசிய அணுகுண்டுச் சோதனையே அதற்குக் காரணம் என்ற பேச்சு பரவியது. நிலத்தட்டு ஒன்று மற்றொன்றின் அடியில் நழுவியது என்ற விளக்கத்தில் மனிதனுக்கு ஏதோ குறைகிறது. செயல் என்றால் செய்பவன் வேண்டும். இத்தனை துயரத்திற்குப் பின்னால் ஒரு எண்ணம், ஒரு பகைவன், குறைந்தபட்சம் ஒரு தண்டனையாவது இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது.

இந்த ஏக்கம் எளியோரிடம் மட்டும் இருப்பதன்று. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. ஹரிஜன யாத்திரையாகத் தமிழகத்தில் இருந்த காந்தியடிகள், ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனையாகவே இதைத் தாம் கருதுவதாகச் சொன்னார். தீண்டாமை ஒழிப்பில் அவருடன் முழுதும் உடன்பட்ட ரவீந்திரநாத் தாகூர் அதிர்ச்சி அடைந்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையான காரணங்களே உண்டு, இத்தகைய விளக்கத்தை நாட்டு மக்கள் எளிதில் ஏற்றுவிடுவார்கள் என்பதால் அது மேலும் வருந்தத்தக்கது என்ற கருத்தில் மறுப்பு எழுதினார். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தமது ‘ஹரிஜன்’ இதழிலேயே பிப்ரவரி 16 அன்று வெளியிட்டு, தம் நம்பிக்கையைக் கைவிடாமல் பதிலும் எழுதினார்.

இந்த விவாதத்தில் தாகூர் சொன்னதே சரி. பூமியின் அடுக்குகள் ஊரின் பாவ புண்ணியம் பார்த்து நகர்வதில்லை. அன்று இடிந்த வீடுகளில் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர்களின் குடிசைகளும் இருந்தன. ஆயினும் காந்தியடிகளின் தவறுக்கும் வதந்திக்கும் இடையே பெரும் வேறுபாடு இருக்கிறது. அது அவர் பெயரோடு வெளிவந்தது. மறுப்பவர் யாரை மறுக்க வேண்டும் என்று அறிந்திருந்தார். மறுப்பும் அதே பக்கத்தில், அதே வாசகர்களுக்குக் கிடைத்தது.

துறை வல்லுநர்களின் பிழைகளும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. தக்காணப் பாறை நிலம் பூகம்பத்திற்கு அப்பாற்பட்டது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. மகாராஷ்டிரத்தில் கொய்னா அணையில் நீர் தேக்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11 அன்று, அங்கே ஏற்பட்ட பூகம்பத்தில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாடநூல் திருத்தப்பட்டது. நீர்த்தேக்கத்தின் பாரம் நிலநடுக்கத்தைத் தூண்டலாம் என்பதை ஆராய உலகம் இன்று தேடி வரும் இடங்களில் கொய்னாவும் ஒன்று.

ஐயத்தின் எல்லை

அப்படியானால் எதையும் சந்தேகிக்கலாமா? பத்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த உதயனர் இதற்கு ஓர் எல்லை வகுத்தார். சந்தேகிப்பவனின் சொந்தச் செயலே அவனது சந்தேகத்தை மறுக்கும் இடத்தில் சந்தேகம் நின்றுவிடுகிறது என்றார். தீயிலிருந்துதான் புகை வருகிறதா என்று வாதத்தில் ஐயுறுபவன், புகை வேண்டும்போது தீயைத்தான் மூட்டுகிறான். நிபுணர்கள் எல்லோரும் விலைபோனவர்கள் என்று எழுதி அனுப்புபவர் அதைக் கைப்பேசியில்தான் எழுதுகிறார். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகிறார். சமிக்ஞை விழுந்தால் ரயில் பாதுகாப்பாகப் போகும் என்று நம்பி உள்ளே உறங்குகிறார். அவருடைய ஐயம் நாவில் மட்டும் இருக்கிறது.

மழைக்காலத்தில் டோம்பிவிலியில் ஒரு கைப்பேசிக்குச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘பார்வி அணை உடைந்தது, எல்லோருக்கும் அனுப்பவும்.’ பத்லாபூருக்கு அப்பால் உள்ள அணை அது. அதன் நீர் உல்லாஸ் நதியில் சேர்கிறது. நிரம்பும் தறுவாயில் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுவது வழக்கம். ஆகவே செய்தி அசாத்தியமானதல்ல. ஆனால் சொன்னவர் யார்? அணையைக் கண்டவரா? பெயர் உண்டா? தவறென்றால் யாரைக் கேட்பது? மாவட்ட நிர்வாகம் ஏதும் சொல்லியிருக்கிறதா? விடை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கரையோரத்தில் இருப்பவர் முதியோரையும் குழந்தைகளையும் மாடிக்கு அழைத்துச் செல்லலாம். அதற்கு நம்பிக்கை தேவையில்லை, எச்சரிக்கை போதும். செய்தியை நூறு பேருக்கு அனுப்புவது வேறு செயல். அனுப்புகிறவர் ஆப்தரின் இடத்தில் தம்மை அமர்த்திக்கொள்கிறார்.

2005 வெள்ளம் நிகழ்ந்து சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலை 26 இரவு, மும்பையிலிருந்து கோலாப்பூருக்குப் புறப்பட்ட மகாலட்சுமி விரைவு ரயில் டோம்பிவிலி, கல்யாணைக் கடந்து பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே நின்றது. உல்லாஸ் நதி மீண்டும் கரை கடந்து தண்டவாளத்தை மூடியிருந்தது. வண்டிக்குள் சுமார் 1,050 பேர். கர்ப்பிணிப் பெண்களும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். இருளில் நாற்புறமும் நீர். வண்டியை விட்டு இறங்காதீர்கள், வண்டியே பாதுகாப்பான இடம், உங்களை மீட்க ஆட்கள் வருகிறார்கள் என்று ரயில்வே அறிவித்தது. அதைச் சொன்னவர்கள் பெயருடையவர்கள். நீரின் அளவையும் பெட்டியின் உயரத்தையும் அறிந்தவர்கள். ரயில்வே காவலர்களும் உள்ளூர்க் காவலர்களும் பிஸ்கட்டும் குடிநீரும் கொண்டுவந்து சேர்த்தார்கள். பயணிகள் வண்டியிலேயே இருந்தார்கள். விடிந்தபின் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் படகுகளுடன் வந்து, பிற்பகலுக்குள் அனைவரையும் கரை சேர்த்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அவர்களுக்காகக் கல்யாணிலிருந்து கோலாப்பூருக்கு ஒரு சிறப்பு ரயில் விடப்பட்டது.